பாதியில் நின்ற ஒட்டுத்துணிப் போர்வை: சுங்கை சிப்புட்டில் ஒரு நிகழ்வு ஆய்வு, 2020

இதை எழுதலாமா என்று அந்தக் குடும்பத்தைக் கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகுதான் எழுதுகிறேன். பெயர் எதுவும் போடவில்லை. நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வந்த ஓர் அக்கா, தன் அம்மா பாதியில் விட்டுப்போன ஒட்டுத்துணிப் போர்வையை கோவிட் தொற்றுக்காக அரசாங்கம் போட்ட நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நேரத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்து எப்படி முடித்தார் என்பதுதான் விஷயம். நான் தவறாகச் சொல்லிக்கொடுத்த இடங்களும் இதில் உண்டு. பாதி வேலையைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள், அவர்களுக்கு உதவும் என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

பின்னணி

அக்காவுக்கு அப்போது 58 வயது. ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவர், பதினேழு வயதில் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் உளி பிடித்தவர். தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறியபோது குடும்பமே டவுன் பக்கம் ஒரு தாமானுக்கு, அதாவது குடியிருப்புப் பகுதிக்கு வந்துவிட்டது. அவருடைய அம்மாவை நான் பாட்டி என்றே எழுதுகிறேன், அப்படித்தான் கூப்பிட்டுப் பழக்கம்.

பாட்டி துணியைத் தூக்கிப்போட மாட்டார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் துணி கிடைக்காமல் தோட்டத்து ஜனங்கள் சாக்கைக் கட்டிக்கொண்டு நடந்ததைச் சின்ன வயதில் பார்த்தவர். 1948 ஜூன் 16 அன்று தோட்டத் துரைமார் மூன்று பேர் சுட்டுக்கொல்லப்பட்டது இந்த ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில்தான். அதைத் தொடர்ந்து கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்கப் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த அவசரகாலம் 1960 வரை நீண்டது. அரிசியை அளந்து கொடுப்பதும் இருட்டினால் வெளியே போகக் கூடாது என்பதும் பாட்டிக்குச் சின்ன வயசுப் பழக்கம். அதனால் கிழிந்த கைலி, தாத்தா பால் வெட்டப் போட்டுப்போன காக்கிச் சட்டை, பிள்ளைகளின் கவுன் எல்லாம் துவைத்து மடித்து ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் இருந்தன. தாமானுக்கு வந்த பிறகு அவற்றை 6 அங்குலச் சதுரமாக வெட்டிக் கையாலேயே தைத்து ஒட்டத் தொடங்கினார். 2016ல் தவறிவிட்டார், டின் அப்படியே பரண்மேல் இருந்தது.

2020 தொடக்கத்தில் ஜொகூர் பாருவில் இருக்கும் மகள் கர்ப்பம், ஜூன் மாதம் பிரசவம் என்று தெரிந்ததும் அக்கா டின்னை இறக்கினார். மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு வைத்து, அப்படியே மகளைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் வைத்துக்கொள்வது என்று பேச்சு. அதற்குள் பாட்டியின் போர்வையை முடித்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

டின்னுக்குள் இருந்தது

மார்ச் முதல் வாரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்து எண்ணினோம். வரிசைக்கு 14 சதுரமாக 6 வரிசை ஒட்டி முடிந்திருந்தது, ஆக 84. தனியாக 70 சதுரம். ஓரத்தில் கால் அங்குலம் விட்டுத் தைப்பதால் 6 அங்குலச் சதுரம் தைத்த பிறகு ஐந்தரை அங்குலமாக நிற்கும். பாட்டி 16 வரிசை போட நினைத்திருந்தார் என்று அக்கா சொன்னார். அப்படிச் செய்தால் 77க்கு 88 அங்குலம், பெரிய கட்டிலுக்குச் சரியாக இருக்கும்.

பாட்டியின் கைத்தையலை நான் விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தேன். மூன்று இடத்தில் நூல் பொடிந்து வந்தது. பருத்தி நூல், இருபது வருஷப் புழுக்கம், அப்படித்தான் ஆகும். பிரித்துப் புதிதாகத் தைக்கலாமா என்று கேட்டேன். அக்கா தலையை ஆட்டிவிட்டார். பாட்டியின் தையலை விட்டுவிட்டு அதற்கு ஒரு நூல் அளவு உள்ளே தள்ளி மிஷினில் இன்னொரு தையல் போடுவது என்று முடிவு செய்தோம். இந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் திருப்திதான்.

தனிச் சதுரங்களைச் சோதித்தோம். ஒவ்வொன்றிலும் ஓர் இழை உருவி நெருப்பில் காட்டினால், பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாகும், நைலெக்ஸ் என்கிற செயற்கை இழைத் துணி சுருண்டு சின்ன மணியாகிவிடும். நைலெக்ஸ் 11 கிடைத்தன. சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும் என்பதால் ஒதுக்கினோம். நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தியபோது 9 சதுரம் சாயம் விட்டது, அதுவும் வெளியே. மிச்சம் 50. ஒட்டியிருந்த 84ஐ யாரும் சோதிக்கவில்லை. பாட்டி செய்தது சரியாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். இதற்குப் பின்னால் வருகிறேன்.

மார்ச் 18 வந்தது

நடுவில் வைக்கும் பஞ்சுத் தகட்டை அந்த வார இறுதியில் ஈப்போவுக்குப் போய் வாங்குவதாக இருந்தோம். மார்ச் 16 இரவு பிரதமர் அறிவித்தார், 18 முதல் 31 வரை நடமாட்டக் கட்டுப்பாடு. மருமகன் சிங்கப்பூரில் வேலை செய்பவர். தினமும் பாலத்தைக் கடந்து போய்வந்தவர், வேலை போய்விடக் கூடாதே என்று 17ஆம் தேதி ஒரு பையோடு அந்தப் பக்கம் போய்விட்டார். மகளோடு நாத்தனார் வந்து தங்கினார். வளைகாப்பு நின்றுபோனது. 500 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி மகள், மாநிலம் தாண்டிப் போக முடியாது. ஏப்ரல் வந்ததும் சாமான் வாங்கக்கூட 10 கிலோமீட்டருக்குள்தான், வீட்டுக்கு ஒருவர்தான். ஈப்போ 30 கிலோமீட்டர்.

அக்கா என்னிடம் போனில் கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி, 31ஆம் தேதி முடிஞ்சிடும்ல?"

முடிந்துவிடும் என்று நானும் நம்பினேன். அதனால் முதல் திட்டம் இப்படி: அளவை மாற்ற வேண்டாம், ஏப்ரல் 1 அன்று பஞ்சு வாங்கலாம், அதுவரை வரிசைகளை ஒட்டிக்கொண்டிருக்கலாம். மார்ச் 25 அன்று ஏப்ரல் 14 வரை நீட்டித்தார்கள். சரி, சித்திரைப் புத்தாண்டுக்கு முடித்துவிடுவோம் என்றோம். ஏப்ரல் 10 அன்று மறுபடி நீட்டிப்பு, 28 வரை. அன்று ராத்திரி அக்கா டின்னை மூடிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். ஆறு நாள் தொடவில்லை. தினமும் மாலை 5 மணிக்குச் சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நூர் ஹிஷாம் அப்துல்லா தொலைக்காட்சியில் அன்றைய கோவிட் எண்ணிக்கை சொல்வார், அக்கா நான்கரைக்கே உட்கார்ந்துவிடுவார், அதற்குப் பிறகு சாப்பாடும் இறங்காது தூக்கமும் வராது என்று அவர் வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்து சொன்னார்.

இந்த ஆறு நாளுக்கு நான்தான் பொறுப்பு என்று நினைக்கிறேன். வேலையைத் தேதியோடு கட்டிவைத்தது நான். அரசாங்கம் தேதியைத் தள்ளும்போதெல்லாம் போர்வையும் தள்ளிப்போனது. கையில் ஊசி இருந்தும் நூல் இருந்தும் அவரால் ஒன்றும் செய்ய முடியாத நிலைக்கு அந்தத் திட்டம்தான் கொண்டுபோய் விட்டது.

ஏப்ரல் 16: அளவைக் குறைத்தது

வீடியோ காலில் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். வெளியே ஒரு சாமானும் வாங்காமல், வீட்டில் இருப்பதை வைத்து எவ்வளவு பெரிதாகச் செய்யலாம்? அவர் டின்னை மறுபடி இறக்கினார், அலமாரியையும் திறந்தார். 16 வரிசைக்கு வழியில்லை. 10 வரிசைக்கு 140 சதுரம் வேண்டும். 84 இருக்கிறது, தனியாக நல்லது 50, ஆறு குறைந்தது. அந்த ஆறுக்கும் மகளின் இடைநிலைப்பள்ளிச் சீருடையை எடுத்தார், அந்தப் பச்சைநீல பினாபோர். அதில் கத்தரி வைக்க அவருக்கு அரை மணி நேரம் ஆனது, நான் வீடியோ காலைத் துண்டிக்காமல் பேசாமல் இருந்தேன்.

77க்கு 55 அங்குலம் என்று முடிவானது. குறைத்துவிட்டோமே என்று அவருக்கு வருத்தம் இருந்தது. பாட்டி வெட்டிவைத்த நல்ல துணி எல்லாம் இதற்குள் வந்துவிடுகிறது, விடுபடுவது உருகுவதும் சாயம் போவதும்தான் என்று சொன்னேன். அது அவருக்குச் சரியாகப் பட்டது.

தேதியை எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாக நிற்கும் இடங்களைக் குறித்தோம்: நான்கு வரிசையும் ஒட்டி முடிந்தால் ஓர் இடம், மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடித்தால் ஓர் இடம், கோடுகள் முடிந்தால் ஓர் இடம். எந்த இடத்தில் நிறுத்தி மடித்து வைத்தாலும் துணி கெடாது, அடுத்து எங்கிருந்து தொடங்குவது என்று தேடவும் வேண்டாம்.

கால் மிஷினும் பால் கறையும்

வீட்டில் பழைய கால் மிஷின். பெடலை மிதித்தால் சக்கரம் நழுவியது, தோல் பெல்ட் நீண்டுபோயிருந்தது. கடை இல்லை. பெல்ட்டின் கம்பிக் கொக்கியைக் கழற்றி, ஒரு முனையில் அரை அங்குலம் வெட்டி, புது ஓட்டை போட்டு மறுபடி மாட்டச் சொன்னேன். வீட்டுக்காரர் செய்தார், ஓடியது.

அடுத்தது பால் கறை. தாத்தாவின் காக்கிச் சட்டையிலிருந்து வெட்டிய மூன்று சதுரங்களில், மரத்தில் பால் சேரும் மங்கிலிருந்து வாளிக்கு ஊற்றும்போது தெறித்த ரப்பர் பால் காய்ந்து கறுத்துக் கிடந்தது. பால் வெட்டியவர்களுக்குத் தெரியும், அது துவைத்தால் போகிற கறை இல்லை, நூலுக்குள் ரப்பராகவே உறைந்துவிடும். விரலால் தடவினால் உறைந்த ஒட்டுப்பாலைத் தொட்ட மாதிரி இருக்கும். மிஷின் ஊசி அதன்மேல் ஏறியதும் பிடித்துக்கொண்டது, தையல் விட்டுவிட்டு விழுந்தது, மூன்றாவது அங்குலத்தில் ஊசி முறிந்தது. வீட்டில் அதற்கப்புறம் ஒரே ஒரு 14ஆம் நம்பர் ஊசிதான்.

மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கச் சொன்னேன். இது நான் செய்த இரண்டாவது தப்பு. ரப்பர் கரையவில்லை, ஊறிப் பிசுபிசுத்து அக்கம்பக்கம் இழுபட்டது, துணியில் ஒரு வளையம் விழுந்தது, வாசனை மூன்று நாள் போகவில்லை. அக்கா கோபப்படவில்லை. "அப்பாவோட சட்டை தங்கச்சி, கறை இல்லன்னா யாரோட சட்டைன்னு தெரியாதுல்ல," என்றார். கறையை எடுக்கவா என்று நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்கவே இல்லை. தொழில் தெரிந்தவர்களுக்கு வரும் அவசரம் அது, கறை என்றால் கை தானாகப் போகிறது.

அந்த ஒரு சதுரத்தைச் சோப்புப் போட்டு மூன்று முறை அலசி, வெயிலில் போட்டு, வாசனை போன பிறகு அதே இடத்தில் விட்டோம். மற்ற இரண்டைத் தொடவில்லை. கறை வரும் இடத்தில் மிஷினை நிறுத்தி, கை ஊசியால், துணி மெலிந்திருக்கும் பக்கமாகச் சுற்றித் தைத்தார். ஏப்ரல் 26 அன்று பத்து வரிசையும் ஒன்றானது.

நடுவில் என்ன வைப்பது

வீட்டில் இலவம்பஞ்சுத் தலையணை இரண்டு இருந்தன, அதைப் பிரித்துப் போடலாமா என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். இலவம்பஞ்சு வழவழப்பு, இழைகள் ஒன்றையொன்று பிடிக்காது. தலையணைக்கு நல்லது, போர்வைக்குள் போட்டால் ஒரு துவைப்பில் மூலையில் போய்க் கட்டியாகிவிடும். தவிர, நம் ஊர் வெக்கைக்குத் தடிமனான போர்வை எதற்கு?

தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டி இரண்டு இருந்தன. எத்தனையோ முறை துவைத்ததால் இனிச் சுருங்காது. ஒவ்வொன்றையும் இரண்டாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் முட்டவைத்துக் கையால் இணைத்தோம். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றித் தைத்தால் அந்த இடம் தழும்பு மாதிரி தடித்துவிடும். இரண்டு அடுக்கின் இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் தள்ளிப் போட்டோம். அடிப்பக்கத்துக்கு இரண்டு பருத்திக் கைலியைப் பிரித்து ஒட்டினோம். கூடத்தில் சோபாவை நகர்த்திவிட்டுத் தரையில் விரித்து, வீட்டுக்காரர் நான்கு மூலையையும் இழுத்துப் பிடிக்க, ஏப்ரல் 28 அன்று பெரிய பெரிய தற்காலிக ஓட்டுத்தையலால் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தார்.

ஒரு நாளைக்கு ஒரு கோடு

சதுரத்தின் மூலைகளில் நூல் முடிச்சுப் போட்டு அடுக்குகளைப் பிடிப்பது சுலபமான வழி, இரண்டு நாளில் முடிந்துவிடும். குழந்தை புழங்கும் துணி என்பதால் அதை விட்டோம், முடிச்சு வால் கையிலும் வாயிலும் போகும். கையால் ஓட்டுத்தையல்தான். குறுக்கே 9 கோடு, நெடுக்கே 13 கோடு, ஆக 22. கூட்டிப் பார்த்தால் 35 மீட்டருக்கு மேல் தையல்.

ஒரு நாளைக்கு ஒரே கோடு, கை ஓடினாலும் இரண்டாவது கூடாது என்று வைத்தோம். நேரம் மாலை 5 மணி. டிவிக்கு எதிரே உட்காராமல் பின்வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து தைப்பார், எண்ணிக்கையை வீட்டுக்காரர் கேட்டுவைத்து இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்வார். மகள் அந்த நேரத்துக்கு வீடியோ காலில் வந்துவிடுவாள். எந்தச் சதுரம் யாருடையது என்று அக்கா தைத்துக்கொண்டே சொல்லுவார். இது தீபாவளிக் கவுன், இது ஆயா கைலி, இது தாத்தா. நானும் சில நாள் அந்த வீடியோ காலில் சேர்ந்திருந்தேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டு அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்த முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஏப்ரல் 29 தொடங்கி மே 24 அன்று முடிந்தது. 26 நாளில் 22 கோடு. நான்கு நாள் விட்டுப்போனது. அதில் இரண்டு நாள் மகளுக்கு இரத்த அழுத்தம் ஏறிக் கிளினிக்கில் இருந்தாள். முன்பு நீட்டிப்பு வந்தால் டின் பரணுக்குப் போனது. இந்த நான்கு நாளுக்குப் பிறகு அக்கா யாரும் சொல்லாமலே மறுநாள் விட்ட கோட்டை எடுத்தார். நடுவில் மே 10 அன்று கட்டுப்பாட்டை ஜூன் 9 வரை நீட்டித்தார்கள், அன்றைக்கும் ஒரு கோடு விழுந்தது.

ஜூன்

மே கடைசியில் டவுனில் துணிக்கடை திறந்தபோது ஓரப்பட்டிக்கு மட்டும் கருநீலப் பருத்தி வாங்கினார். மூன்று பக்கம் பட்டி முடிந்திருந்தது. ஜூன் 5 விடியற்காலை பேத்தி பிறந்தாள். மருமகன் வீடியோவில் பார்த்தார். மாநிலம் தாண்டலாம் என்று ஜூன் 10 முதல் அனுமதி வந்தது, 13ஆம் தேதி அக்காவும் வீட்டுக்காரரும் காரில் கிளம்பினார்கள். நான்காவது பக்கப் பட்டி மகள் வீட்டில் உட்கார்ந்து தைத்தது. கடைசி ஒரு சாண் மகள் தைத்தாளாம், அந்த இடத்தில் தையல் கொஞ்சம் பெரிது பெரிதாக இருக்கிறது, பார்த்தாலே தெரியும்.

அப்புறம் நடந்தது

குழந்தைக்குப் போர்த்தலாமா என்று அக்கா கேட்டபோது, ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தைமேல் போர்வையோ தலையணையோ வேண்டாம், முகத்தை மூடிவிடும் என்று தாதி சொல்லிவிட்டார். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். தரையில் விரித்துக் குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட வைக்கப் பயன்படுத்தினார்கள். மெல்லியதாகச் செய்ததால் அதற்கு நன்றாகவே பொருந்தியது.

முதல் துவைப்பில் மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு மரூன் சதுரம் சாயம் விட்டுப் பக்கத்து வெள்ளைச் சதுரத்தை ரோஜா நிறமாக்கிவிட்டது. பாட்டி ஒட்டிய 84ல் ஒன்று அது. நாங்கள் சோதிக்காமல் விட்டது.

சிங்கப்பூரில் வேலை செய்பவர்கள் விடுப்பில் வந்துபோகும் ஏற்பாடு ஆகஸ்ட் 17 அன்று தொடங்கியது. மருமகன் செப்டம்பரில் வந்து, தனிமைப்படுத்தல் முடித்து, மூன்று மாதக் குழந்தையை முதல்முறை தூக்கினார். அந்தப் போட்டோவில் குழந்தை இந்த விரிப்பின்மேல் கிடக்கிறது, தாத்தாவின் கறைச் சதுரம் அதன் கால்மாட்டில்.

மறுபடி செய்தால்

முதல் நாளே ஒட்டியது ஒட்டாதது எல்லாவற்றையும் சாயத்துக்குச் சோதிப்பேன், அதுவும் பச்சைத் தண்ணீரில் மட்டும் இல்லாமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரிலும். ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தினால் போதும், ஒட்டிய வரிசையைப் பிரிக்கத் தேவையில்லை. 14ஆம் நம்பர் ஊசி ஐந்தாவது வீட்டில் இருக்க வேண்டும், ஒரு பாக்கெட் சில வெள்ளிதான் (ரிங்கிட்). பழைய துணியில் கறை இருந்தால் அது என்ன கறை, இருக்கட்டுமா போகட்டுமா என்று கேட்காமல் கை வைக்க மாட்டேன். யாருக்காகச் செய்கிறோம், அவர் அதை எப்படிப் பயன்படுத்துவார் என்பதை அளவு போடும் முன்பே கேட்பேன்.

இன்னொன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அக்கா தைக்கும்போது சொன்னதை நான் ஒரு நோட்டில் எழுதிவந்தேன், அதுவும் இடையிடையேதான். 140 சதுரத்தில் 23க்குத்தான் என்னிடம் குறிப்பு இருக்கிறது. போன வருஷம் அக்காவும் நானும் மிச்சத்தை எழுத உட்கார்ந்தோம், சில துணி யாருடையது என்று அவருக்கே இப்போது நினைவில்லை. இப்போது வகுப்புக்குப் பழைய துணி கொண்டுவருகிறவர்களிடம் வெட்டும் முன்பே ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் பெயர் எழுதச் சொல்கிறேன். ஒதுக்கிய 20 சதுரம் அந்த டின்னிலேயே இருக்கிறது, அதற்கும் இன்னும் எழுதவில்லை.